நடுநிலையும் போர்வாசலும்: துருக்கியின் இரு முடிவுகளும் நம் சமவெளியில் எழுந்த எதிரொலியும்

நடுவு நிலைமை என்பதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அது நீதியைக் குறிக்கும். பகைவர், நண்பர், அயலார் என்று பாராமல் உரியதை உரியவர்க்கு வழங்குதலைக் குறிக்கும். இன்றைய அரபு மொழியில் அரசுகளின் நடுநிலைக்கு ‘ஹியாத்’ என்பர். விலகுதல், ஒதுங்கிச் செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. பன்னாட்டுச் சட்டமோ நடுநிலையை ஒரு சட்ட நிலையாகக் காண்கிறது. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைகள் அதற்குரிய உரிமைகளையும் கடமைகளையும் வகுத்தன. நடுநிலை நாட்டின் மண்ணிலும் நீரிலும் போரிடுவோர் புகுந்து போர் செய்தல் கூடாது. அந்நாடும் ஒரு தரப்பாரின் போர்க்கப்பலுக்குப் புகலிடமும் படைத்துணையும் தருதல் கூடாது. ஆக ஒரு சொல்லில் நீதி, ஒன்றில் விலகல், மற்றொன்றில் கடமை. இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு, உலகப் போர்கள் இரண்டிலும் நடுநிலையில் தொடங்கிப் போருக்குள் புகுந்த ஒரு நாட்டின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாடு துருக்கி. 1914இல் அது உதுமானியப் பேரரசாக இருந்தது. மூன்று திங்கள் நடுநிலை கூறி, பின்னர் போரில் இறங்கிச் சிதைந்தது. 1939இல் அது குடியரசாக இருந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் வெளியில் நின்று, போர் முடியும் தறுவாயில் போர் அறிவித்து, ஐக்கிய நாடுகள் அவையின் தொடக்க உறுப்பினராயிற்று. முன்னதன் பின்விளைவே இந்தியாவில் கிலாஃபத் இயக்கமாக எழுந்தது. நம் சேலம் நாமக்கல் பகுதியும் அதன் வரலாற்றில் ஓரிடம் பெற்றுள்ளது. கிலாஃபத் ஒழிந்த கதையை நம் மேடைகளில் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஆயினும் அந்தப் போரில் துருக்கி ஏன் இறங்கியது, யார் முடிவு செய்தனர், அம்முடிவு ஷரீஅத்தின் அளவுகோலில் எத்தகையது என்னும் கேள்விகள் அம்மேடைகளில் அரிதாகவே எழுகின்றன.

நடுநிலை கூறிய நாளும் மறைவில் கையெழுத்திட்ட நாளும்

1912, 1913ஆம் ஆண்டுகளின் பால்கன் போர்களில் உதுமானியர் தம் ஐரோப்பிய நிலப்பரப்பின் பெரும்பகுதியை இழந்தனர். கருவூலம் வறண்டிருந்தது. 1881இல் அமைக்கப்பெற்ற கடன் நிர்வாகத்தின் வாயிலாக அயல்நாட்டுக் கடன்காரர் அரசின் வருவாய்களில் பலவற்றைத் தாமே தண்டி எடுத்துக்கொண்டிருந்தனர். ‘கேப்பிட்டுலேஷன்’ எனப்பட்ட சலுகைகளால் ஐரோப்பியக் குடிமக்கள் உள்நாட்டு நீதிமன்றங்களுக்கும் வரிகளுக்கும் பெரிதும் அப்பாற்பட்டு வாழ்ந்தனர். வடக்கே ருஷ்யா இஸ்தான்பூலின் நீரிணைகள்மீது நெடுங்காலமாகக் கண் வைத்திருந்தது. இந்நிலையில் துணை தேடிய உதுமானியர் பிரிட்டனை அணுகினர்; பிரான்சை அணுகினர்; 1914 மே திங்களில் ருஷ்யாவிடமே பேசிப் பார்த்தனர். எவரும் கைகொடுக்கவில்லை. எஞ்சியது ஜெர்மனி.

1914 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ருஷ்யாமீது போர் அறிவித்தது. மறுநாள் ஆகஸ்ட் 2 அன்று, தலைமை அமைச்சர் சயீத் ஹலீம் பாஷாவின் பாஸ்பரஸ் கரை மாளிகையில் ஜெர்மனியுடன் மறைமுகக் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போர் அமைச்சர் அன்வர் பாஷா, உள்நாட்டு அமைச்சர் தலஅத் பே உள்ளிட்ட மிகச் சிலரே அதனை அறிந்திருந்தனர். அமைச்சரவையின் பெரும்பான்மையோர்க்கும் அது தெரியாது. ஒப்பந்த மை உலருமுன் அரசு உலகிற்கு அறிவித்ததோ ஆயுதம் தாங்கிய நடுநிலை.

இதே நாட்களில் பிரிட்டன் செய்த ஒரு செயல் மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தியது. பிரிட்டிஷ் தளங்களில் உதுமானியருக்காகக் கட்டப்பட்டுவந்த ‘சுல்தான் உஸ்மான்’, ‘ரஷாதிய்யா’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை அது தனக்கென எடுத்துக்கொண்டது. அவற்றிற்கான பணத்தில் ஒரு பகுதி பொதுமக்கள் மனமுவந்து அளித்த நன்கொடை. ஊரூராகத் திரண்ட அப்பணத்திற்குரிய கப்பல் பறிபோனபோது எழுந்த சினம் இயல்பானதே. ஜெர்மனி அதனை நன்கு பயன்படுத்திக்கொண்டது. பிரிட்டிஷ் கடற்படையால் துரத்தப்பட்ட ‘கோபன்’, ‘பிரெஸ்லாவ்’ என்னும் இரு ஜெர்மானியக் கப்பல்கள் ஆகஸ்ட் 10 அன்று டார்டனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்தன. நடுநிலைச் சட்டப்படி அவை குறித்த நேரத்தில் வெளியேற வேண்டும்; அன்றேல் ஆயுதம் களையப்பட்டு நிறுத்தப்பட வேண்டும். உதுமானிய அரசோ அவற்றை விலைக்கு வாங்கிவிட்டதாக அறிவித்தது. கப்பல்கள் ‘யாவூஸ் சுல்தான் சலீம்’, ‘மிதில்லி’ எனப் பெயர் மாறின. ஜெர்மானிய மாலுமிகள் துருக்கித் தொப்பி அணிந்துகொண்டு அதே கப்பல்களில் தொடர்ந்தனர். அவர்களின் தளபதி சூஷோன் உதுமானியக் கடற்படைக்கே தலைமை ஏற்றார். நடுநிலை என்னும் பெயர் எஞ்சியது. அதன் கடமை அன்றே கைவிடப்பட்டது.

அந்த மூன்று திங்கள்களில் நடுநிலையால் கிட்டிய நன்மைகளையும் குறிப்பிடுதல் வேண்டும். பிரிட்டன், பிரான்சு, ருஷ்யா ஆகிய மூன்றும், உதுமானியர் விலகி நின்றால் அவர்தம் நிலப்பரப்பின் ஒருமைப்பாட்டிற்கு உறுதி தருவதாகக் கூறின. வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த வேளையைப் பயன்படுத்தி, அரசு செப்டம்பர் 9 அன்று கேப்பிட்டுலேஷன் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது. பல தலைமுறைகள் சுமந்த இழிவு அது. ஒரு தோட்டா செலவின்றி நீங்கும் வாய்ப்பு வாய்த்தது. எனினும் அக்டோபரில் ஜெர்மனியின் தங்கம் இஸ்தான்பூல் வந்து சேர்ந்தது. அக்டோபர் 29 அன்று சூஷோனின் தலைமையில் உதுமானியக் கப்பல்கள் போர் அறிவிப்பு ஏதுமின்றி கருங்கடலின் ஒடெசா, செவஸ்தபோல் முதலிய ருஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. அதிர்ச்சியுற்ற நிதி அமைச்சர் ஜாவித் பேயும் வேறு சில அமைச்சர்களும் பதவி துறந்தனர். சயீத் ஹலீம் பாஷாவும் பதவி விலக முன்வந்தார், பின்னர் தொடர்ந்தார். நவம்பர் தொடக்கத்தில் ருஷ்யாவும், நவம்பர் 5 அன்று பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன. நாடு போருக்குள் வந்துவிட்டது. நாட்டின் மன்றம் அதனை விவாதிக்கவில்லை.

ஃபத்வாவும் ஃபிக்ஹும்

1914 நவம்பர் 14 அன்று இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் ஜிஹாத் பிரகடனம் படிக்கப்பட்டது. ஷைகுல் இஸ்லாம் முஸ்தஃபா கைரி அஃபந்தி வழங்கிய ஐந்து ஃபத்வாக்கள் அதன் அடிப்படை. ருஷ்யா, பிரிட்டன், பிரான்சு ஆகியவற்றின் ஆட்சியில் வாழும் முஸ்லிம்களும் அவ்வரசுகளுக்கு எதிராக எழ வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எதிராகப் போரிடுதல் முஸ்லிம்களுக்குப் பாவம் என்றும் அவை கூறின. ஒரு முஸ்லிமல்லாத வல்லரசுக்கு எதிராகக் கடமையாகும் போர், மற்றொரு முஸ்லிமல்லாத வல்லரசுக்குத் துணையாக நடந்தது. இம்முரண் அன்றே பலர் கண்ணில் பட்டது. மக்காவின் ஷரீஃப் ஹுஸைன் இப்பிரகடனத்தை வெளிப்படையாக ஆதரிக்க மறுத்தார். 1916 ஜூனில் பிரிட்டனின் துணையோடு உதுமானியருக்கு எதிராகவே எழுந்தார். அவருக்கு வாக்களித்த அதே பிரிட்டன் பிரான்சுடன் சைக்ஸ்–பிக்கோ உடன்பாட்டில் அரபு நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டதும், 1917 நவம்பர் 2 அன்று பால்ஃபர் அறிவிப்பை வெளியிட்டதும் வாசகர் அறிந்தவையே.

நம் மத்ரஸாக்களில் கற்பிக்கப்படும் ஃபிக்ஹின் நோக்கில் இப்போர் நுழைவை எவ்வாறு மதிப்பிடுவது? இமாம் முஹம்மது பின் அல்ஹஸன் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 189) அரசுகளுக்கிடையிலான உறவு, போர், சமாதானம், அடைக்கலம் பற்றி ‘ஸியர்’ என்னும் துறையில் தனி நூல்கள் யாத்தவர்கள். உதுமானியரோ ஹனஃபி வழியினர். இத்துறை அவர்களின் அறிஞர்களுக்கு அந்நியமன்று. குர்ஆனின் அல்அன்ஃபால் அத்தியாயம் 58ஆம் வசனம், ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு கூட்டத்தாரின் துரோகத்தை அஞ்சினால்கூட, அவ்வொப்பந்தத்தை வெளிப்படையாக அவர்களிடமே திருப்பிவிட வேண்டும் என வழிகாட்டுகிறது. அறிவிக்காமல் தாக்குவதற்கு அங்கே இடமில்லை. அந்நிஸா அத்தியாயம் 90ஆம் வசனம், போரிடாது விலகி நின்று சமாதானம் நாடுவோர்மீது கை வைக்க வழியில்லை எனக் கூறுகிறது. விலகி நிற்பவரின் நிலையை ஷரீஅத் ஒரு மெய்யான நிலையாக ஏற்றுள்ளது என்பதற்கு இது சான்று. ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது, எத்தரப்போடும் சேர விரும்பும் கோத்திரங்கள் வெளிப்படையாகச் சேரலாம் என்று வகுக்கப்பட்டதும், குஸாஆ ஒரு பக்கமும் பக்ர் மறுபக்கமும் சேர்ந்ததும் ஸீராவில் காண்கிறோம். கூட்டணி தவறன்று, அதன் வெளிப்படைத்தன்மையே முறைமை.

இவ்வளவுகோலில் வைத்து நோக்கினால், 1914இல் மூன்று குறைகள் தெரிகின்றன. கூட்டணி மறைக்கப்பட்டது. தாக்குதல் அறிவிப்பின்றி நிகழ்ந்தது. ஷூரா என்னும் கலந்தாய்வு முடிவுக்கு முன் நடவாமல், ஃபத்வா முடிவுக்குப் பின் பெறப்பட்டது. மார்க்கத் தீர்ப்பு ஆட்சியாளரைத் தடுத்து நிறுத்தும் கடிவாளமாக இருக்க வேண்டியது. இங்கோ அது முன்பே ஓடிவிட்ட குதிரைக்குப் பின்னால் கட்டப்பட்ட மணியாயிற்று.

நடுநிலை காத்திருந்தால் பேரரசு பிழைத்திருக்கும் என்று உறுதி கூற இயலுமா? இயலாது. வல்லரசுகளின் வாக்குறுதிகள் எத்தகையவை என்பதை ஷரீஃப் ஹுஸைனே அனுபவித்து அறிந்தார். எனினும் ஆப்கானிஸ்தானின் அமீர் ஹபீபுல்லா வேறு வழி காட்டினார். 1915இல் ஜெர்மானிய, துருக்கிய தூதுக்குழு காபூல் வந்து வற்புறுத்தியும் அவர் போரில் இறங்கவில்லை. 1919 பெப்ரவரியில் அவர் கொலையுண்டார். அதே ஆண்டில் அந்நாடு தன் அயலுறவில் முழு விடுதலை பெற்றது. நடுநிலை அதற்கு இழப்பாக முடியவில்லை.

கேட்கப்படாதவர் கொடுத்த விலை

போரின் விலையைச் செலுத்தியவர்கள் பாஸ்பரஸ் கரை மாளிகையில் கூடியவர்கள் அல்லர். 1914 டிசம்பரில் சாரிகாமிஷ் மலைப்பனியில் அன்வர் பாஷாவின் படை பெரும் பகுதி அழிந்தது. 1915இல் கலிப்போலியில் உதுமானிய வீரர் தம் மண்ணைக் காத்து நின்ற தீரம் மறுக்கவியலாதது. அவ்வெற்றிக்கும் உயிர்விலை மிகப் பெரிது. அதே ஆண்டில் ஆர்மீனியக் குடிமக்கள் தம் ஊர்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, பாலைவழிகளில் நடத்தப்பட்டு, பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். பல நூற்றாண்டுகளாக ‘திம்மா’ என்னும் பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ் வாழ்ந்த மக்கள் அவர்கள். போர்க்காலத்தின் பேரால் நிகழ்ந்த இக்கொடுமையை மூடி மறைத்துக்கொண்டு நம் துயரை மட்டும் எண்ணுதல் நீதியன்று. நடுவு நிலைமையும் அன்று.

இந்திய முஸ்லிம்கள் இருதலைக் கொள்ளி எறும்பாயினர். மௌலானா முஹம்மது அலீயும் டாக்டர் அன்ஸாரியும் போரில் இறங்குமுன் நன்கு எண்ணிப் பார்க்குமாறு தலஅத் பேக்குத் தந்தி அனுப்பினர். இவ்விருவரும் துருக்கியின் பகைவர் அல்லர். 1912இல் பால்கன் போரின்போது மருத்துவக் குழுவோடு துருக்கி சென்றவர் டாக்டர் அன்ஸாரி. நண்பர் கூறிய அறிவுரை செவியேறவில்லை. போர் தொடங்கியபின் முஹம்மது அலீயின் ‘காம்ரேட்’ இதழ் பிணைத்தொகை பறிமுதலாகி நின்றது. அலீ சகோதரர்கள் 1915 முதல் 1919 இறுதிவரை காவலில் வைக்கப்பட்டனர். தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் ஹிஜாஸில் கைது செய்யப்பட்டு மால்டா தீவில் 1920வரை அடைபட்டிருந்தார்கள். 1915 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம் படைப்பிரிவு ஒன்று கிளர்ந்தெழுந்தது. துருக்கியரோடு போரிட அனுப்பப்படுவோம் என்ற அச்சமும் அதற்கொரு காரணம். 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

தமிழ்நாட்டிற்கு இப்போர் துருக்கி நடுநிலை கூறிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் ‘எம்டன்’ சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. பின்னர் இந்தியப் படையினர் மிகுதியாக அனுப்பப்பட்ட போர்முனை மெசபொட்டேமியா, அதாவது இன்றைய ஈராக். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் நம் மாகாணத்துப் பொறியாளர் படை டைக்ரிஸ் ஆற்றைக் கடக்கும் பணியில் அங்கே உழைத்தது. 1916 ஏப்ரல் 29 அன்று குத் நகரில் சுமார் 13,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை உதுமானியரிடம் சரணடைந்தது. சிறைப்பட்டோரில் பலர் மீளவில்லை. சயீத் ஹலீம் பாஷாவின் மாளிகையில் இடப்பட்ட கையெழுத்து, அந்த மாளிகையைக் கனவிலும் காணாத இந்தியச் சிப்பாயின் தலையெழுத்தையும் எழுதிவிட்டது.

கிலாஃபத்தும் சேலமும்

1918 அக்டோபர் 30 அன்று முத்ரோஸ் துறைமுகத்தில் போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 13 அன்று நேசநாட்டுக் கப்பல்கள் இஸ்தான்பூலில் நங்கூரமிட்டன. 1914 நவம்பரில் இந்திய அரசு புனிதத் தலங்களுக்குத் தீங்கு நேராது என வாக்களித்திருந்தது. 1918 ஜனவரி 5 அன்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், துருக்கியரின் தலைநகரையும் அவர் பெரும்பான்மையாக வாழும் நிலத்தையும் பறிப்பது போரின் நோக்கமன்று எனப் பேசியிருந்தார். 1919 மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோதும், 1920 ஆகஸ்ட் 10 அன்று ஸெவ்ர் உடன்படிக்கை பேரரசைக் கூறுபோட்டபோதும், இவ்வாக்குறுதிகளை நம்பிப் பிரிட்டனின் படையில் பணிபுரிந்த இந்திய முஸ்லிம்கள் ஏமாற்றமுற்றனர். அவ்வேமாற்றமே கிலாஃபத் இயக்கத்தின் உந்துவிசை. துருக்கி போரில் இறங்கியதை அவர்கள் விரும்பவில்லை. ஆயினும் கொடுத்த வாக்கைக் காக்குமாறு கேட்பது அவர்களின் உரிமை.

1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலீயும் சென்னை மாகாணத்தில் சுற்றுப்பயணம் செய்தனர். மாகாண முஸ்லிம்களின் தலைவராக யாகூப் ஹஸன் சேட் முன்னின்றார். 1921 பெப்ரவரியில் மலபாரில் சிறைப்பட்டார். 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் ஏற்கப்பட்ட ஒத்துழையாமைத் தீர்மானத்தை அதே ஆண்டு டிசம்பரில் நாகபுரி காங்கிரஸ் உறுதி செய்தது. அம்மாநாட்டின் தலைவர் நம் சேலத்தின் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார். இதில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. 1882இல் சேலத்தில் பள்ளிவாசல் தொடர்பாக மூண்ட இந்து முஸ்லிம் கலவர வழக்கில் இவர் குற்றம் சாட்டப்பெற்று, தண்டனையும் பெற்று, பின்னர் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, முஸ்லிம்களின் கிலாஃபத் கோரிக்கையைத் தேசத்தின் கோரிக்கையாக ஏற்ற மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். தொலைநாட்டில் நேர்ந்த தோல்வியின் பின்விளைவு, நம்மூரில் பகைத்து நின்றோரை ஒரு மேடையில் அமர்த்தியது.

சேலம் நகராட்சித் தலைவராக 1917 முதல் 1919வரை இருந்த ராஜாஜியும் இவ்வியக்கத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1922 பெப்ரவரியில் சௌரிசௌராவுக்குப் பின் ஒத்துழையாமை நிறுத்தப்பட்டது. 1921இல் மலபாரில் நேர்ந்தவை இரு சமுதாயத்தார் உள்ளத்திலும் காயம் ஏற்படுத்தியிருந்தன. இயக்கத்தின் எச்சமாகக் கதர் எஞ்சியது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம் நூற்போர்க்கும் நெய்வோர்க்கும் வேலை தந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை இவையனைத்தும் ஒரே சேலம் மாவட்டம்.

தோல்விக்குப் பின் மீண்ட விதம்

துருக்கியில் முஸ்தஃபா கமால் 1919 மே 19 அன்று சாம்சூன் துறைமுகத்தில் இறங்கினார். 1920 ஏப்ரல் 23 அன்று அங்காராவில் தேசியப் பேரவை கூடியது. ஷூரா இன்றித் தொடங்கிய போரின் அழிவிலிருந்து மீளும் பணி ஒரு மக்கள் மன்றத்தில் தொடங்கியது என்பது உற்று நோக்கத்தக்கது. 1922 செப்டம்பர் 9 அன்று இஸ்மிர் மீட்கப்பட்டது. 1923 ஜூலை 24 அன்று லோசான் உடன்படிக்கை ஸெவ்ரை ஒழித்தது. துருக்கியின் சார்பில் பேசியவர் இஸ்மத் பாஷா. பின்னாளில் இஸ்மத் இனோனு எனப்பட்டவர். கேப்பிட்டுலேஷன் சலுகைகள் அங்கே முற்றாக நீங்கின. பேரரசின் கடன் அதிலிருந்து பிரிந்த நாடுகளுக்குப் பங்கிடப்பட்டது. தன் பங்கைத் துருக்கி 1954இல்தான் கட்டி முடித்தது. நான்கைந்து பேர் இட்ட கையெழுத்திற்கு நாற்பதாண்டு தவணை.

மீட்சிக்கும் விலை உண்டு. கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டன: சுமார் 12 இலட்சம் கிறித்தவர் துருக்கியை விட்டும், நான்கு இலட்சத்திற்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் கிரீஸை விட்டும் பெயர்ந்தனர். 1922 நவம்பர் 1 அன்று சுல்தான் பதவியும், 1924 மார்ச் 3 அன்று கிலாஃபத்தும் ஒழிக்கப்பட்டன. கடைசி கலீஃபா அப்துல் மஜீத் அன்றிரவே நாடு கடத்தப்பட்டார். கிலாஃபத்தைக் காக்க இந்தியாவில் சிறை சென்றோருக்கு அச்செய்தி, பிரிட்டனிடமிருந்து அன்று, அங்காராவிலிருந்தே வந்தது. போரை முடிவு செய்தவர்களோ எவரும் தம் மண்ணில் கண் மூடவில்லை. தலஅத் 1921இல் பெர்லினிலும், சயீத் ஹலீம் அதே ஆண்டு ரோமிலும், ஜமால் 1922இல் திபிலிசியிலும் கொல்லப்பட்டனர். அன்வர் 1922இல் மத்திய ஆசியாவில் போரில் மடிந்தார்.

இரண்டாம் முறை

1939இல் மீண்டும் உலகப் போர். அப்போது குடியரசுத் தலைவர் இஸ்மத் இனோனு. முதல் போரில் படைத்தலைவராகவும் லோசானில் தூதராகவும் இருந்து, போரின் விலையையும் சமாதானத்தின் விலையையும் எண்ணிப் பார்த்தவர் அவர். 1939 அக்டோபர் 19 அன்று பிரிட்டன், பிரான்சுடன் வெளிப்படையாகவே ஒப்பந்தம் செய்தார். சோவியத் யூனியனோடு போருக்கு இட்டுச் செல்லும் எச்செயலுக்கும் துருக்கி கட்டுப்படாது என்னும் விலக்கையும் அதில் சேர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியபோது, அவ்விலக்கைக் காட்டியே துருக்கி ஒதுங்கி நின்றது. 1941 ஜூன் 18 அன்று ஜெர்மனியுடன் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நான்கு நாளில் ஜெர்மனி ருஷ்யாமீது பாய்ந்தது. 1943 ஜனவரியில் அதானாவுக்குச் சர்ச்சிலே வந்து அழைத்தார். இனோனு மறுக்கவில்லை; போதிய படைக்கலம் தந்தபின் பார்க்கலாம் என்றார். அந்தப் ‘போதிய’ அளவு ஒருபோதும் நிறையவில்லை.

அவர் கையிலிருந்த துருப்புச்சீட்டு குரோமியத் தாது. உறுதியான எஃகிற்கு அது இன்றியமையாதது. சேலம் உருக்காலையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நம் அடுக்களை எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடியாதிருப்பது அதிலுள்ள குரோமியத்தால்தான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் இத்தாதுவின் படுகைகள் உண்டு. சந்திரயான் ஆய்வுக்கு நிலவின் மண்ணை ஒத்த மண் செய்ய எடுக்கப்பட்டதும் அங்குள்ள பாறையே. துருக்கியின் தாது பிரிட்டனுக்கும் சென்றது. 1941 அக்டோபர் ஒப்பந்தத்தால் ஜெர்மனிக்கும் சென்றது. 1944 ஏப்ரலில் நேசநாடுகளின் வற்புறுத்தலால் ஜெர்மனிக்கு ஏற்றுமதி நின்றது. ஆகஸ்ட் 2 அன்று தூதுறவு முறிந்தது. 1945 மார்ச் 1க்குள் அச்சு நாடுகள்மீது போர் அறிவித்தவரே ஐக்கிய நாடுகள் மாநாட்டிற்கு அழைக்கப்படுவர் என யால்டாவில் முடிவாயிற்று. பெப்ரவரி 23 அன்று துருக்கி ஜெர்மனிமீதும் ஜப்பான்மீதும் போர் அறிவித்தது. போர்க்களத்திற்கு ஒரு வீரரும் அனுப்பப்படவில்லை.

இந்நடுநிலையைக் குறையற்றது எனக் கொள்ளலாகாது. படையில் நின்றோர் தொகை சுமார் பத்து இலட்சம். அவரைப் பேணும் சுமையால் விலைவாசி ஏறியது, ரொட்டி பங்கீட்டுக்கு வந்தது. 1942 நவம்பரில் விதிக்கப்பட்ட சொத்து வரி முஸ்லிமல்லாதார்மீது பன்மடங்கு சுமத்தப்பட்டது; கட்டவியலாதோர் அஷ்காலே முகாமிற்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். 1944இல் அவ்வரி நீக்கப்பட்டது எனினும் அழிந்த குடும்பங்கள் மீளவில்லை. ‘ஸ்துரூமா’ என்னும் யூத அகதிக் கப்பல் கருங்கடலுக்கு இழுத்துவிடப்பட்டு, 1942 பெப்ரவரி 24 அன்று சோவியத் நீர்மூழ்கியால் மூழ்கியது. 760க்கு மேற்பட்டோரில் ஒருவரே பிழைத்தார். வெளியாரிடம் நடுநிலை காத்த அரசு, தன் குடிமக்களிடையிலும் அடைக்கலம் தேடியோரிடத்தும் அதனைக் காக்கவில்லை. குறளின் நடுவு நிலைமையையும் அரபியின் ஹியாதையும் நாம் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டியதன் காரணம் இதுவே.

போருக்குப் பின் சோவியத் யூனியன் நீரிணையில் தளம் கேட்டு நெருக்கியது. துருக்கி 1947இல் அமெரிக்க உதவியை ஏற்று, 1952இல் நேட்டோவில் சேர்ந்தது; நடுநிலைக் காலம் அத்துடன் முடிந்தது. உள்நாட்டில் பல கட்சி முறை வந்தது. 1950 மே 14 தேர்தலில் தோற்ற இனோனு அமைதியாகப் பதவி விட்டிறங்கினார். 1932 முதல் துருக்கி மொழியில் மட்டுமே ஒலித்த பாங்கு, அடுத்த திங்களே அரபு மொழியில் ஒலிக்க இசைவு பெற்றது. படையினர் உயிரோடு ஊர் திரும்பிய நாட்டில்தான் இம்மாற்றம் வாக்குச்சீட்டினால் நிகழ முடிந்தது.

இரு முடிவுகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு வீரத்தில் இல்லை. 1914இன் துருக்கியர் 1939இன் துருக்கியரினும் வீரம் மிகுந்தவரே. வேறுபாடு முடிவெடுத்த முறையில் உள்ளது. முன்னது மறைவில், சிலரால், சினமும் தங்கமும் தூண்ட நிகழ்ந்தது. பின்னது ஒப்பந்தங்களை வெளிப்படையாக எழுதி, இயலாதவற்றை முன்கூட்டியே விலக்கி, காலம் தாழ்த்திப் பேரம் பேசியது. நம் இளைஞர்க்குக் கிலாஃபத்தின் வரலாற்றைக் கற்பிக்கும்போது 1924இல் தொடங்காமல் 1914 ஆகஸ்ட் 2இல் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. அந்நியர் பறித்ததை மட்டும் சொல்லி, நம்மவர் கைநழுவ விட்டதைச் சொல்லாமல் விட்டால், அது பாதி வரலாறே. போரோ சமாதானமோ, பலரின் உயிரைப் பணயம் வைக்கும் எம்முடிவும் ஷூராவின் வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும் என்பதை அப்பிள்ளைகள் பெயர், நாள், விலை ஆகியவற்றோடு அறிந்து வளரட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.